கூடை காலியானால் படகு கிளம்பும்

தீவுக்கு விடுமுறை போவதென்றால் சீசன் முடிந்த மறுவாரம் போக வேண்டும், சார். வெயில் அதேதான், கடலும் அதே கடல்தான். ஆனால் அறை வாடகை பாதிக்கு இறங்கிவிடும், கூட்டமும் கலைந்திருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு எப்போதாவது விடுப்பு கிடைத்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொசுவர்த்தியை மட்டும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். அங்கே விற்கிற கொசுவர்த்தியில் புகை வரும், கொசு போகாது.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மொட்டையாகச் சொன்னால் என்னை ஏதோ பெரிய பாதகன் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் ஒரு பேருந்து நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வண்டி வரவில்லை என்பார்கள், வந்த வண்டி நிற்கவில்லை என்பார்கள், நின்ற வண்டியில் நடத்துநர் மரியாதையில்லாமல் பேசினார் என்பார்கள். காலையில் ஹெட்போனை மாட்டினால் பொழுது சாயும்போதுதான் கழற்றுவேன். கத்துகிறவர்களை முழுக்கக் கத்தவிட்டு, "மன்னிக்கணும், உடனே கவனிக்கிறோம்" என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இன்றுவரை ஒரு அழைப்பையும் நான் பாதியில் துண்டித்ததில்லை. அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள், பொறுமை என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு வருஷத்தில் ஒரு வாரம் காதுக்கு ஓய்வு வேண்டாமா? மலிவாகவும் இருக்க வேண்டும், கூட்டமும் இருக்கக் கூடாது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று மனைவி கேலி செய்வாள். தேடித் தேடித்தான் இந்தத் தீவைப் பிடித்தேன். ஒரு படகுத்துறை, ஒரு கடை, மணலில் போய் முடிகிற ஒரே தெரு. தெருக்கோடியில் ஒரு விடுதி. அதற்கு அப்பால் வீடு வாசல் எதுவும் கிடையாது, கடல்தான்.

விடுதியில் மாடி மூலை அறை எனக்கு. வேறு அறை கொடுத்தால் சண்டை போட்டாவது அதைத்தான் வாங்குவேன். மின்விசிறி பேருக்குச் சுற்றும். ஆனால் கட்டிலை ஒட்டிப் பெரிய ஜன்னல், திறந்தால் திறந்ததுதான். படுத்துக்கொண்டே பார்த்தால் எதிரே மணல்திட்டு தெரியும். கடல் வற்றும் நேரத்தில் வெள்ளையாக மேலே வரும், மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறி மறைந்துவிடும். என்ன அமைதி என்கிறீர்கள். திட்டில் நின்று படகுக்காரர் இருமினால் என் தலையணைக்குக் கேட்கும். வருஷா வருஷம் விடுதிக்கார அம்மாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவேன். "கேக்க ஆள் வந்தாத்தானே சார் இருமுறதுக்கே மதிப்பு" என்று அவர் சலித்துக்கொள்வார்.

இந்த வருஷம் என் சகலையும் கூட வந்தான். மனைவியின் தங்கை கணவன். அக்கா தங்கைக்குள் ரகசியம் தங்குமா, தீவைப் பற்றி என் வீட்டுக்காரி அங்கே சொல்லியிருக்கிறாள். அவனுக்குச் செல்போன் கடை. அதைவிடப் பெரிய தொழில், போகிற இடத்தையெல்லாம் வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றுவது. அவன் ஒரு டீக்கடையைக் காட்டினால் மறுவாரம் அங்கே டீ குடிக்க வரிசையில் நிற்க வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று மாமனார் அவனைத்தான் உதாரணம் காட்டுவார்.

அவன்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை, சார். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். என் மனைவி பிரசவத்தில் பிழைப்பாளா என்று இருந்தபோது கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து ரத்தம் கொடுத்தவன். நன்றி மறக்கிற ஜாதி இல்லை நான். படகுத்துறையில் அவன் பெட்டியைக்கூட நான்தான் தூக்கி வந்தேன்.

முதல் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டேன். பல் விளக்கும்போதும் போனிடம் பேசுவான். "நண்பர்களே, இந்தக் காத்தைப் பாருங்க" என்பான். காற்றை எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. தீவில் சிக்னலே கிடையாது, போனும் பேச முடியாது, நெட்டும் வராது என்பதுதான் எனக்கிருந்த ஒரே தெம்பு. மூன்றாம் நாள் காலையில் சாப்பிடும்போது விடுதிக்கார அம்மாவிடம் ஆரம்பித்தான்.

"ஏம்மா, இந்த ரூமுக்கு இவ்வளவுதான் வாங்குறீங்களா? அடுத்த வருஷம் கண்ணை மூடிட்டு மூணு மடங்கு சொல்லுங்க. பின்னாடி காலியா கிடக்கிற இடத்துல இன்னும் நாலு ரூம் போடுங்க, பாட்டு கேக்க ரெண்டு ஸ்பீக்கர் வைங்க. ஆளை நான் அனுப்புறேன்."

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் தம்பி" என்று அந்த அம்மா அவனுக்கு மட்டும் இன்னொரு முட்டை கொண்டுவந்து வைத்தார். இத்தனை வருஷத்தில் எனக்கு வைத்ததில்லை.

சாயங்காலப் படகில் கரைக்குப் போய் வீடியோவை ஏற்றிவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னான். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று அவனுக்குச் சந்தோஷம். நான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இதை மட்டும் போடாதேப்பா. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"என்ன சகலை, தீவு உங்க மாமனார் எழுதி வெச்சதா? அப்படியே இருந்தாலும் எனக்கும் அதுல பாதி உண்டே" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். நியாயமாகப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான்.

அப்புறம்தான் மணல்திட்டுக்குப் போனோம். அந்தப் படகுக்காரரை இப்போது உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவருடைய பழக்கத்தைச் சொன்னால்தான் விஷயம் புரியும். அவர் ஆட்களை எண்ண மாட்டார். தண்ணீரில் நின்று தலையை எண்ணினால் ஒன்று குறையும் என்று அவர் அப்பா காலத்திலிருந்து ஒரு பயம். அதற்குப் பதிலாகப் படகு முனையில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்திருப்பார். திட்டில் இறங்குகிறவர்கள் செருப்பைக் கூடையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்க வேண்டும். திரும்பி ஏறும்போது அவரவர் செருப்பை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடையில் செருப்பு இருந்தால் ஆள் பாக்கி, கூடை காலியானால் படகு கிளம்பும். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. முதல் வருஷமே இதைக் கேட்டு நான் அவரைப் பாராட்டினேன். புகார் வராத ஏற்பாடு.

அன்று கரையிலிருந்து ஒருநாள் சுற்றுலா வந்த கூட்டம் ஒன்று படகில் இருந்தது. சகலை அவர்களுக்கெல்லாம் திட்டைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்தான், ஏதோ அவனே மணல் கொட்டி மேடாக்கியதுபோல. இறங்கியதும் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு திட்டின் அடுத்த முனைக்குப் போய்விட்டான். நடுவில் மேடு, அந்தப் பக்கம் நிற்கிறவன் இந்தப் பக்கம் தெரிய மாட்டான். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் படகுக்காரர் குரல் கொடுத்தார். எல்லோரும் வந்தார்கள். அவன் காது அவன் பேச்சிலேயே இருந்திருக்கும்.

கூடையில் கடைசியாக இரண்டு ஜோடி கிடந்தன. என்னுடையதும் அவனுடையதும். அவன் செருப்பு பச்சைப் பசேலென்று ரப்பர் செருப்பு, குருடனுக்கும் தெரியும். என் செருப்பைக் காலில் மாட்டினேன். அவன் செருப்பைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

நான் செய்தது அவ்வளவுதான், சார். ஒரு ஜோடி செருப்பை எடுத்துப் பையில் வைத்தேன். உறவுக்காரன் செருப்பை எடுத்து வைப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

படகுக்காரர் எதுவும் கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டார். அன்று படகுத்துறையில் விசாரித்தபோது, அவர் எதுவும் கேட்கவில்லை என்று நான் சொன்னது தப்பு, திருத்திக்கொள்ளுங்கள். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பச்சைச் செருப்புக்காரர் ஏறிட்டாரா சார்?" என்றார். "அவரு அப்பவே உங்க மச்சான் படகுல கரைக்குப் போயிட்டாரே, அவசர வேலையாம்" என்றேன். அவர் மச்சானும் திட்டுக்குப் படகு விடுகிறவர்தான், மனிதர் நம்பிவிட்டார். கூடைதான் காலியாக இருக்கிறதே.

அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதும் தெரியும், வருஷா வருஷம் ஜன்னலில் பார்க்கிறேன். ஆனால் சாகட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. சும்மா சிறிது நேரம் அந்த அமைதியில் அவன் தனியாக இருந்து பார்க்கட்டும், அதன் அருமை தெரிந்தால் வீடியோவை அவனே அழித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் நான் ஓடிப்போய்ப் படகைக் கிளப்பியிருக்க மாட்டேனா? என் மனைவிக்கு ரத்தம் கொடுத்தவன் இல்லையா?

மறுநாள் காலையில் கடல் அவனைப் படகுத்துறைக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. நீங்கள் வந்தீர்கள், படகுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். "கூடை காலியாத்தான் இருந்துச்சு, சத்தியமா காலியாத்தான் இருந்துச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். உண்மையைத்தான் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இருக்கக் கூடாதல்லவா. அதனால்தான் நானாக வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவர் மனைவியும் பிள்ளைகளும் விடுதி வாசலில், என் ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்து இரண்டு நாளாக அழுகிறார்கள். வாய் ஓயாத அழுகை. விடுதிக்கார அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், அவரும் கூடச் சேர்ந்து அழுகிறார். நியாயத்துக்காகத்தான் வந்தேன், ஆனால் தூக்கமும் போய்விட்டது என்பதை மறைக்கவில்லை.

இப்போது நீங்கள் ஜன்னலைப் பற்றிக் கேட்கிறீர்கள். விடுதிக்கார அம்மா அன்று கரைக்குச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பித் தெருவில் வரும்போதே பார்த்தாராம், மாடி ஜன்னல் சாத்தியிருந்ததாம். இந்த மனிதர் ஜன்னலைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை என்று சொன்னாராம். கவனமான பெண்மணி. அப்படி வேகிற வெயிலில் எதற்கு ஜன்னலைச் சாத்தினாய் என்கிறீர்கள். நல்ல கேள்வி.

கூப்பிட்டான். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நேரம். முதலில் "சகலை" என்றான், விளையாட்டுக்குக் கூப்பிடுவதுபோல. பிறகு படகுக்காரரைக் கூப்பிட்டான். பிறகு தன் மனைவியை, அவள் அங்கே இல்லை என்று தெரிந்தும். கடைசியில் "அண்ணே" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை. ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது. நான்தான் சொன்னேனே, அவ்வளவு அமைதியான இடம்.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அது லேசில் சாத்திக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காகத் திறந்தே கிடந்து உப்புக்காற்றில் மரம் உப்பிப்போயிருந்தது. கையால் தள்ளினேன், நகரவில்லை. பையில் அவன் செருப்பு இருந்தது. அதை எடுத்து நாலு தட்டு தட்டியதும் சாத்திக்கொண்டது. ஜன்னல் சட்டத்தில் பச்சைத் தடம் இருக்கும், ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சார். வேலை நாளாக இருந்திருந்தால் கடைசி வார்த்தைவரை பொறுமையாகக் கேட்டிருப்பேன், உடனே கவனிக்கிறோம் என்றும் சொல்லியிருப்பேன். அன்று நான் விடுப்பில் இருந்தேன்.