இறுக்கி மூடிய புட்டி

எதையும் திறந்து போட்டுவைப்பது எனக்குப் பிடிக்காது, சார். சர்க்கரை டப்பாவானாலும் சரி, மாத்திரைப் புட்டியானாலும் சரி, மூடி இறுக்கமாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

அக்காவுக்கு மூட்டுவலி. முட்டியைவிடக் கைதான் மோசம். விரல்கள் கோணி, காலையில் சட்டைப் பொத்தான் போடவே வெகுநேரம் ஆகும். டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிற வலி மாத்திரையை நான்தான் வாங்கி வருவேன். மருந்துக்கடைக்காரர் நல்லவர். "அட்டையா வாங்கிக்கங்கம்மா, கை முடியாதவங்களுக்கு அதுதான் சுலபம்" என்றார். வீட்டில் குழந்தை இருக்கிறது என்று சொல்லி, அழுத்தித் திருப்பினால் மட்டும் திறக்கிற புட்டியைக் கேட்டு வாங்கினேன்.

அக்காவால் அதைத் திறக்க முடியாது. "இதைத் திறக்க ஒரு பயில்வானைக் கட்டியிருக்கணும்டி" என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து நிற்க வேண்டும். நான் கைவேலையை முடித்துவிட்டுத்தான் திறந்து கொடுப்பேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி மூடுவேன். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் பிரசவ வலி வந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஊர் சிரிக்குமே என்று அக்காவுக்குப் பயம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று அவள் காலைப் பிடித்தேன். "பொறுத்துக்கோ. எல்லாருக்கும் வர்ற வலிதானே" என்றாள். கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் திரும்புவதற்குள் பெண் குழந்தை பிறந்து, இறந்தும் போயிருந்தது. யாருக்கும் தெரியாமல் வீட்டுக் கொல்லையிலேயே புதைத்தாள்.

நேற்று மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வலி தாங்கவில்லை.

"கொஞ்சம் திறந்து குடுடி."

"பொறுத்துக்கோக்கா."

சமையலறைக்குப் போய்க் கத்தியால் மூடியை நெம்பினாள். கோணல் விரல்கள்தானே, கத்தி நழுவி மணிக்கட்டில் இறங்கிவிட்டது. கூப்பிட்டாள். முதலில் என்னை, பிறகு செத்துப்போன அம்மாவை. நான் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவை வெளியே தாழிட்டேன். திரும்பி வந்து மிச்சத் துணியை மடித்தேன். போர்வைகள் நிறைய இருந்தன.

சத்தம் அடங்கிய பிறகு திறந்தேன். புட்டி அவள் பக்கத்தில் கிடந்தது. மூடி அசையவே இல்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது. குழந்தை இருக்கிற வீட்டில் மருந்தை இறுக்கி மூடித்தான் வைக்க வேண்டும், சார்.