இடம் பார்த்துக் கூப்பிடணும்

— நீங்களே சொல்லுங்க, அறுபத்தாறு வயசு ஆம்பிள மேடையில பதினாறு வயசுப் பொண்ணா வந்து நின்னா, நீங்க நம்புவீங்களா மாட்டீங்களா?

— மாட்டேன்.

— பாக்காதவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க, தானிமோரி ஐயா. நான் முப்பத்தோரு வருஷமா நம்பிட்டிருக்கேன்.

— பவுடர் பூசின கிழவன் அவன். காலைலேருந்து இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு அவன் பெருமையே பேசுறீங்க. உங்களுக்கு வயித்துல கல்லா, மூளையிலயா?

— பித்தப்பையிலங்க. ஆனா அவன் கிவன்னு சொல்லாதீங்க, சொல்லிட்டேன். ஷிகுரேன்னு பேரைச் சொல்லுங்க. இல்ல அவங்கன்னு சொல்லுங்க. டோக்கியோ பூரா அப்படித்தான் சொல்லுது.

— அப்படியா. அந்த அவங்களை ஒரு தடவையாவது வெறும் முகத்தோட பாத்திருக்கீங்களா?

— ஐயையோ, வேணாம்.

— ஏன் வேணாம்?

— கேளுங்க. அசாகுசாவுல நான் குளியல் கடை வச்சிருக்கேன். இசோஜி கடைன்னா எவனும் வழி சொல்லுவான். அந்தப் பேட்டையில இருக்கிற அத்தனை ஆம்பிளைங்க அம்மணத்தையும் பாத்தாச்சு. இன்ஸ்பெக்டர், கோயில் பிக்கு, மீன் ஏலம் விடுறவன், எல்லாரும் என் தொட்டியில ஒண்ணுதான். ஆனா அந்த ஒரு முகத்தை மட்டும் பூச்சு இல்லாம பாக்க மாட்டேன். நாடகம் முடிஞ்சா பின்வாசல்ல போய் நிக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. நான் ஒருநாளும் போனதில்ல. நேரா ட்ராம் ஏறி வீட்டுக்கு வந்துடுவேன்.

— பாவம்.

— யாரு பாவம்?

— அந்த ஆள்தான். முப்பத்தோரு வருஷம் கொட்டகையில உக்காந்து தொண்டை கிழியத் தன் பேரைக் கூப்பிட்டவரை அவரும் பாத்ததில்லையே.

— என்னை எதுக்குப் பாக்கணும்? மூணாவது மாடி, கடைசி வரிசை, வலது ஓரம். தூண் பாதி மறைக்கும். அங்கேருந்து சத்தம்தான் போகணும், மூஞ்சி போகக் கூடாது. நடிகரோட பரம்பரை வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். ஹாகினோயான்னு. வீரன் வேஷத்துக்கு இடி மாதிரி இறக்கலாம். பொண்ணா வர்றவங்களுக்கு அப்படிக் கத்தினா காரியம் கெட்டுது. தூங்குற குழந்தைக்குப் போர்வை போடுற மாதிரி போடணும்.

— கூப்பிட்டுக் காட்டுங்களேன். நானும் கேக்கிறேன்.

— இங்கயா? ஆஸ்பத்திரியிலயா? நல்லா கேட்டீங்க. இடம் பார்த்துக் கூப்பிடணும் ஐயா. அவங்க நிப்பாங்க, கூட்டம் மூச்சைப் பிடிக்கும், அந்த நேரத்துக்குள்ள சத்தம் விழணும். அரை மூச்சு முந்தினாலும் பாவம், பிந்தினாலும் பாவம்.

— முந்தினதே இல்லையா நீங்க?

— ஒரே ஒரு தடவை. அதைக் கேக்காதீங்க.

— கேக்காம விட மாட்டேன். நாலு நாளா இந்தக் கூரையைத்தான் பாத்துட்டுக் கிடக்கேன்.

— பதினெட்டு வருஷம் ஆச்சு. பனி விழுற காட்சி. புருஷன் கிளம்பிட்டான், அவங்க அவன் அங்கியை மடிச்சு வைக்கிறாங்க. மடிச்சுக்கிட்டே இருக்கும்போது கை நிக்கும். அப்புறம் முகம் நிமிரும். முகம் நிமிர்ந்ததும் கூப்பிடணும். நான், கை நின்னதுமே கூப்பிட்டுட்டேன். கொட்டகை பூரா களுக்குன்னு சிரிச்சிடுச்சு. அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்ககூட சிரிச்சாங்க. நான் அங்கயே செத்துட்டேன்யா. ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகல. அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இன்னிக்கும் நெஞ்சுல கிடக்கு. இப்பவும் கேக்கிறேன்னு வச்சுக்குங்க. மன்னிச்சிடுங்க.

— அது நீயா?

— என்ன திடீர்னு ‘நீ’ன்னு சொல்றீங்க?

— அன்னிக்குக் கை ஏன் நின்னுச்சு, தெரியுமா உனக்கு? வசனம் மறந்துபோச்சு. அடுத்த வார்த்தை வரல. அந்த அங்கியில இருந்த மடிப்பெல்லாம் தெரியுது, வார்த்தை மட்டும் தெரியல. அப்பதான் நீ மேலேருந்து கூவின. ஜனங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள வசனம் வந்துடுச்சு. உன்னைத் தேடிக் கூட்டிட்டு வரச் சொன்னேன். கிடைக்கல. வருஷம் பூரா வலது ஓரத்துலேருந்து சத்தமே இல்ல.

— யாரு தேடச் சொன்னா?

— நான்தான். தானிமோரிங்கிறது பெத்தவங்க வச்ச பேரு. ஷிகுரே நான்தான்.

— ஐயா, ஊசி போட்டிருக்காங்க. பேசாம படுங்க.

— கொட்டகையில சளி ஜுரம்னு சொல்லியிருக்கு. இந்த முகத்தோட என்னை யாரும் வந்து பாக்கக் கூடாதுன்னு சிஷ்யப் பசங்களுக்கெல்லாம் உத்தரவு போட்டேன். நல்ல பசங்க, சொன்னபடி கேட்டாங்க. நாலு நாளா ஒருத்தரும் வரல.

— அதுக்காக அவங்க பேரை எடுத்து வச்சுக்கலாமா? நேத்து ஐந்நூத்திப் பத்தாம் ரூம் கிழவர்கூட நான்தான் பிரதமர்னாரு.

— நாளைக்கு ஒன்பது மணிக்கு வயித்தைத் திறக்கிறாங்க இசோஜி. திறந்து பாத்துட்டு அப்படியே தைச்சு அனுப்புவாங்க. டாக்டர் எதுவும் சொல்லல, ஆனா நான் முகம் பாத்துப் பிழைச்சவன். இனிமே மேடை கிடையாது. ஒரு தடவை கூப்பிடு. திரையைக்கூட விலக்க வேணாம்.

— நீங்க யாரா வேணா இருந்துட்டுப் போங்க. படுத்திருக்கிறவங்களுக்குக் கூப்பிடுற வழக்கம் கிடையாது.

— நம்பலையா? குரலைக் கேளு. “பனி நிக்கிறதுக்குள்ள வந்துடுங்க. நான் கதவைச் சாத்தல.”

— ம்.

— இப்ப நம்புறியா?

— என் கடைக்கு வாங்க. வெந்நீர்த் தொட்டியில இறங்கினா எல்லாப் பயலும் இந்தக் குரல்லதான் பேசுவான்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— சரி. விடு. உன்கிட்டக் கெஞ்சினது யாருக்கும் தெரிய வேணாம். சாப்பாட்டுத் தட்டு வந்துடுச்சு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— தானிமோரி ஐயா, கஞ்சியை அப்புறம் குடிக்கலாம். எக்ஸ்ரேக்குக் கூப்பிடுறாங்க. நாற்காலியில உக்காருங்க, நான் தள்ளிட்டுப் போறேன்.

— வரேன் நர்ஸம்மா. கொஞ்சம் முகத்தைத் துடைச்சுக்கிறேன்.

— ஏங்க.

— ஹாத்ஸு, நீ எப்ப வந்த? கடையை யாருகிட்ட விட்டுட்டு வந்த?

— கடை எங்கயும் ஓடிடாது. கதவுகிட்டயே நின்னுட்டேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. நீங்க என்ன மனுஷன்? ஒரு கிழவர் அவ்வளவு கேக்கிறாரு. அவரு நடிகரோ இல்லையோ, ஒரு வார்த்தை கூவினா உங்க வாய்ல முத்தா உதிர்ந்துடும்?

— போயிட்டாங்களா?

— லிஃப்டுல ஏத்திட்டாங்க.

— நல்லா பாத்தியா? கதவு மூடிடுச்சா?

— மூடிடுச்சுன்னு சொல்றேன்ல.

— அவங்கதான்டி.

— எவங்க?

— அவங்கதான். வந்த அன்னிக்கே தெரியும். தட்டு வந்தா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிறாங்க, திரையில நிழல் தெரியுது. மெல்லுற சத்தம்கூட வெளிய வராது. பொண்ணா நடிக்கிறவங்க, சாப்பிடறதை யாருக்கும் காட்ட மாட்டாங்க. அந்தப் பழக்கம் படுக்கையிலகூட விடல. நான் ராத்திரி பூரா போர்வைக்குள்ள வாயைப் பொத்திட்டுக் கிடந்தேன்.

— அப்ப மன்னிப்புக் கேட்டதெல்லாம்?

— தெரிஞ்சுதான் கேட்டேன். வேற யாருகிட்டக் கேப்பேன்?

— அட பாவி மனுஷா! தெரிஞ்சுக்கிட்டா வெந்நீர்த் தொட்டி அது இதுன்னீங்க? என் பக்கமா அவரைத் தள்ளிட்டுப் போகும்போது முகத்துல துண்டைப் போட்டுக்கிட்டாரு. தோள் குலுங்குது. முப்பத்தோரு வருஷமா அந்தப் பொம்பளைக்காக உசிரை விட்டீங்களே. நான் ரெண்டு பிள்ளை பெத்துப் போட்டப்ப, ஏ ஹாத்ஸுன்னு ஒரு தடவை இடம் பார்த்துக் கூப்பிட்டிருப்பீங்களா?

— கத்தாதடி. கேளு. நாளைக்கு ஒன்பது மணிக்கு இந்த நடையிலதான் தள்ளிட்டுப் போவாங்க. கக்கூசுக்குப் போறேன்னு சொல்லி மூணு தடவை நடந்து பாத்துட்டேன். கொட்டகையில ஜனங்களுக்கு நடுவுல பூப்பாதை ஓடுது பாரு, அதுல பத்துல ஏழு பங்கு நடந்ததும் அவங்க நின்னு முகத்தைத் தூக்குவாங்க. நம்ம நடையும் ஏழு பங்குலதான் லிஃப்டுப் பக்கம் திரும்புது. அங்க வண்டி கொஞ்சம் நின்னுதான் திரும்பணும், நான் எல்லா வண்டியையும் பாத்துட்டேன். அந்த இடத்துல சுவரோட ஒட்டி நின்னுக்குவேன். கண்ணை இறுக்கி மூடிக்குவேன். சரியா விழுந்துடும் ஹாத்ஸு. பதினெட்டு வருஷக் கடன் தீர்ந்துடும்.

— இப்பத் திரும்பி வருவாரு. வந்ததும் கூப்பிட்டுத் தொலைங்களேன்.

— இப்பக் கூப்பிட்டா அது கெஞ்சினதுக்குப் போட்ட பிச்சை. அவங்க பிச்சை வாங்குறவங்களா? எதிர்பாக்காதப்ப விழணும். அப்பதான் அது அவங்களுக்குச் சேர்ந்தது.

— அந்த முந்தின கூவல்தான் அன்னிக்கு அவரைக் காப்பாத்துச்சுன்னு அவரே சொன்னாரே.

— அது என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னது. உனக்கென்ன தெரியும் அவங்களைப் பத்தி?

— சரி, கூப்பிட வேணாம். ‘நீங்க யாருன்னு தெரியும்’னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இன்னிக்கு ஒரு பொழுதாவது அந்த மனுஷன் நிம்மதியாப் படுக்கட்டும்.

— சொன்னா நாளைக்கு நடை வெறும் நடை ஆயிடும். பேசாம இரு.

— எனக்கு இது சரியாப் படல.

— நாளைக்கு ஒன்பது மணி வரைக்கும்தானே. அதுவரைக்கும் தாங்க மாட்டாங்களா?

*

— நர்ஸம்மா, மணி எட்டரைதான் ஆகுது. பக்கத்துக் கட்டில் துணியை எதுக்கு உருவுறீங்க?

— டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்தாச்சா இசோஜி ஐயா? கீழ அவ்வளவு கூட்டமா?

— ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சுட்டாங்க. நான் அவசரமா வரணும்னு அடிச்சுக்கிட்டேன், யாரு கேக்கிறா. துணியை எதுக்கு உருவுறீங்கன்னு கேட்டேன்.

— முதல்ல போக வேண்டியவருக்கு ஜுரம் வந்துடுச்சு. அதனால தானிமோரி ஐயாவை ஏழேகாலுக்கே கொண்டு போயிட்டோம்.

— எப்பத் திரும்புவாங்க?

— உக்காருங்க ஐயா.

— எப்பத் திரும்புவாங்கன்னு கேக்கிறேன்.

— மயக்க மருந்து குடுத்ததுமே இதயம் நின்னுடுச்சு. வயித்தைத் திறக்கவே இல்ல.

— போகும்போது ஏதாவது சொன்னாங்களா?

— நடை திரும்புற இடத்துல வண்டியை நிறுத்தச் சொன்னாரு, நிறுத்தினோம். முகத்தைத் தூக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாரு. அந்த நேரத்துல நடையில யாருமே இல்ல. அப்புறம் சரின்னாரு, தள்ளிட்டுப் போயிட்டோம்.