பந்து வராத இடத்தில் ஜொவிட்டா

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பிரகாசம் ஐயா அவர்களே, வாழ்த்த வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே, நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் ராயப்பேட்டை நண்பர்களே, நாளை கேரளத்துக்குப் புறப்படும் நம் ஜொவிட்டாவே, எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

கேரளத்தில் சேரப்போவது அவருக்கு நான்காவது கால்பந்து கிளப். அவர் நடுக்கள ஆட்டக்காரர். நடுக்களத்தில் என்ன வேலை? பந்தைப் பறிக்க வேண்டும், பக்கம் பார்க்க வேண்டும், பக்குவமாகக் கொடுக்க வேண்டும். கோல் விழுந்தால் கைதட்டல் யாருக்கு? வேறொருவருக்கு.

சென்னையில் அவர் ஆடிய முதல் கிளப் திடீரென்று கலைந்தது. இன்னொரு கிளப்பில் சேர, ஆடிய வீடியோவை அனுப்ப வேண்டும். அதைத் தொகுத்துத் தந்தவர் அவருடைய தம்பி ஷெல்டன். தொழில், கல்யாண வீடியோ. சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டுக் கல்யாணத்தையும் அவர்தான் எடுத்தார் போலிருக்கிறது. அக்கா அதுவரை அடித்திருந்தவை மூன்றே கோல். மூன்றையும் மெதுவாக ஓட்டி, மேலே ரோஜா இதழ் தூவி, பேண்டு வாத்தியம் சேர்த்து அனுப்பினார். கொல்கத்தா கிளப் ஒன்று மயங்கியது. கோல் அடிக்கிற பெண் என்று நம்பி அவரை முன்வரிசையில் நிறுத்தியது.

ஆட்டம் ஆட்டமாக வெறுங்கையோடு திரும்பினார். வீடியோவில் இருந்த பெண் எங்கே என்று பயிற்சியாளர் கேட்டார். சமாளித்திருக்கலாம். ஜொவிட்டா சமாளிக்கவில்லை. தன் இடம் நடுக்களம், அங்கே ஆட விடுங்கள் என்றார். விடவில்லை. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சீசன் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது.

வீட்டில் தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்குச் சொல்லி வைத்தார்கள். இன்னொரு சீசன் கிளப் இல்லாமல் போனால், ஆட்டம் அத்தோடு சரி. அப்போதுதான் தம்பியிடம் ஓர் ஆட்டத்தை வெட்டாமல் முழுதாக அனுப்பச் சொன்னார். எந்த ஆட்டம்? சென்னையில் நடுக்களத்தில் ஆடியது, இரு பக்கமும் கோலே விழாத ஆட்டம்.

ஷெல்டனுக்குத் தாங்கவில்லை. “ஒன்றரை மணி நேரம் எவன்கா உக்காந்துகினு பாப்பான்? கல்யாண வீடியோல சாம்பார் ஊத்துறவன யாருனா பாக்குறாங்களா?”

“பசியோட வந்தவன் அவனத்தான்டா பாத்துக்கினு இருப்பான். அனுப்பு.”

அனுப்பினார். பல கிளப்புகள் பதிலே போடவில்லை. கடையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, கோவாவிலிருந்து ஒரு பயிற்சியாளர் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. இரண்டாம் பாதியில் எல்லோரும் பந்தை நோக்கி ஓடியபோது, நீ மட்டும் ஏன் இடது பக்கம் போய் நின்றாய் என்று கேட்டார். எங்கள் தடுப்பாட்டக்காரர் முன்னேறிப் போய்விட்டார், அவர் விட்ட இடம் காலியாக இருந்தது என்றார் ஜொவிட்டா. அடுத்த கேள்வி, எப்போது வருகிறாய்?

அன்பர்களே, அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். அந்த இடத்துக்குப் பந்து வரவே இல்லை. வராத பந்துக்காக ஒருவர் நின்றார். நின்றதை ஒருவர் பார்த்தார். கோவாவில் மூன்று சீசன், இப்போது கேரளம். எல்லாம் அந்த ஒரு நிற்றலில் பிறந்தவை.

அவர் ஆடும் நாளில் பந்து ஓடும் பக்கமே பார்க்காதீர்கள். பந்து இல்லாத இடத்தில் தேடுங்கள். அங்கே நம் வீட்டுப் பெண் நிற்பார்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. புறப்படுகிறவருக்கு வாழ்த்து. வணக்கம்.