தங்கமீன்களுக்குக் கொஞ்சம் இருட்டு

அவைத்தலைவரே, மாடம்பாக்கம் மூன்றாவது தெரு நலச்சங்கத்தின் மங்காத மாணிக்கமே, அண்ணன் பாட்சா பாய் அவர்களே, முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, சீரியலைத் தியாகம் செய்து வந்திருக்கும் தாய்மார்களே, சுண்டலுக்காகக் காத்திருக்கும் தம்பிமார்களே, மீன் வளர்க்கும் ஏசுபாதத்தின் வணக்கம்.

நம் தெருவுக்குச் சோடியம் விளக்கு வந்து ஓராண்டு. அதை வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வாழ்த்த மாட்டேன்.

மேடைக்கு மேடை என்ன பேசுகிறோம்? இருளை விரட்டுவோம், இருளை ஒழிப்போம் என்கிறோம். இருள் உங்களை என்ன செய்தது? நான் இருட்டின் கட்சி. என் கட்சியில் நான் ஒருவன்தான், இருந்துவிட்டுப் போகிறேன்.

அந்த விளக்கு எங்கே நிற்கிறது? என் தங்கமீன் தொட்டிக்கு நேர் மேலே. தங்கமீன் எப்போது முட்டையிடும்? இரவெல்லாம் இருண்டு, கிழக்கு வெளுக்கும்போது இடும். இரவே வராத தொட்டிக்கு விடியல் எப்படி வரும்? வயிறு வீங்கிய பெண்மீன்கள் மாதக்கணக்கில் விடியலுக்குக் காத்திருந்தன. ஆண்மீன்களோ, சவாரி கிடைக்காத ஆட்டோக்களைப் போல மூலையில் வரிசையாக நின்றன. யாரது சிரிப்பது? உன் முதலிரவில் சோடியம் விளக்கு போட்டிருந்தால் தெரிந்திருக்கும் தம்பி. தாய்மார்கள் மன்னிக்க.

ஆவணி மழையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மூன்று நாள் தெரு முழுக்க இருட்டு. மூன்றாம் நாள் விடியலில் தொட்டிப் பாசியெல்லாம் முட்டை. ஆனந்தம் தாங்காமல் வீடு வீடாக லட்டு கொடுத்தேன். அதுதான் நான் செய்த பிழை. ஃபேன் இல்லாமல் மூன்று நாள் வெந்த கன்னியம்மா லட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டிரான்ஸ்பார்மர் வெடிச்சதுக்கு லட்டு குடுக்கிறியே பெருசு, நீதான் இன்னாவோ பண்ணிக்கீற."

அன்றுமுதல் மின்வாரிய வண்டி வந்தாலே தெரு என் வீட்டைப் பார்க்கிறது. எட்டாவதோடு நின்றவன் டிரான்ஸ்பார்மரை வெடிக்க வைப்பேனா? என்ன கன்னியம்மா, வைப்பேன் என்கிறீர்களா? லட்டு மட்டும் இரண்டு வாங்கினீர்களே.

விளக்கு திரும்பி வந்தது. முட்டை நின்றது. போன வாரம் இரண்டு பெண்மீன்கள் வயிற்று முட்டையோடு செத்து மிதந்தன. மீதி இருப்பவை ஒன்பது. சாக்குப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் சல்லடையில் சலித்த மாவாக இறங்குகிறது.

விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. தாய்மார்கள் நடக்க வெளிச்சம் வேண்டும். விழா முடிந்ததும் எனக்குப் பின்னால் தலைவர் படத்தோடு தொங்கும் இந்தப் பிளக்ஸ் பேனர் எங்கே போகும்? யார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கோ போகும். மாட்டுக்குக் கூரை உண்டு, என் மீனுக்குக் கிடையாதா? பேனரும் பன்னிரண்டு அடி, தொட்டியும் பன்னிரண்டு அடி. வந்தவுடன் அளந்துவிட்டேன்.

தலைவர் ஏதோ சொல்கிறார். "எடுத்துக்கோங்கண்ணே. ஆனா என் மூஞ்சி மீன் பக்கம் இருக்கணும். மேல இருந்தா காக்கா அசிங்கம் பண்ணிடும்" என்கிறார்.

முடியாது. தலைவர் அவர்களே, ஒளி வீசும் உங்கள் திருமுகத்தை மேலே கண்டால் என் மீன்கள் மறுபடியும் பகல் என்று நினைத்துவிடும். நீங்கள் வானத்தையே பாருங்கள்.

தலையாட்டிவிட்டார். தலையாட்டிய தலைவருக்கு நன்றி. கன்னியம்மாவுக்கு மூன்றாவது லட்டு, முட்டை வந்த அன்று. அனைவருக்கும் நல்ல இருட்டு வாய்க்கட்டும், வணக்கம். தம்பி, அந்தக் கயிற்றை அவிழ்.