நகலெடுக்காத நொதி

இந்த அறை நன்றாகக் குளுகுளுவென்று இருக்கிறது, சார். எங்கள் ஆய்வகத்தில் ஃப்ரீசருக்குக் கிடைக்கிற குளிர்ச்சி மனுஷருக்குக் கிடைப்பதில்லை.

கரைசல்களைத் தயாரித்தது நான்தான். ஆய்வக உதவியாளருக்கு அதுதானே வேலை. ஆராய்ச்சி செய்தவள் என் தங்கை. அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னியதிலிருந்து படிக்கவைத்தது வரை எல்லாம் நான். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஆர்.என்.ஏ.வைப் படித்து டி.என்.ஏ.வாக நகலெடுக்கும் நொதி ஒன்றை அவள் மாற்றி அமைத்தாள். மற்ற நொதிகள் சுருண்டுவிடும் சூட்டிலும் அது அசராமல் வேலை செய்தது. ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை இதேமாதிரி வந்துட்டா வெளிநாட்டுல வேலை நிச்சயம்க்கா."

"அப்ப நான்?"

"நீ அப்பப்ப வந்துட்டுப் போ."

விருந்தாளியிடம் சொல்வதுபோல.

மக்னீசியம் இல்லாமல் அந்த நொதிக்குக் கை ஓடாது. மக்னீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் உப்பு எங்கள் அலமாரியிலேயே உண்டு. அவளுடைய கரைசலில் கொஞ்சம் கலந்தேன். நொதி கெட்டுப்போகவில்லை, சார். சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

அவள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். சோறு இறங்கவில்லை. பக்கத்திலிருந்து தண்ணீர் கொடுத்தேன். கடைசியில் பேராசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "முதல்ல காட்டுன ரிசல்ட்டே பொய்தானே?" வேலை போயிற்று. பொய்க்காரி என்ற பெயர் நின்றது.

அன்று என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "நானேதான் கற்பனை பண்ணிக்கிட்டேனாக்கா?"

"இருக்கலாம்டி," என்றேன். தலையைத் தடவிக்கொடுத்தேன். சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான் அப்படிப் படுத்தாள்.

அவள் இடத்துக்கு வந்தவர் அந்த நொதியைத் தானே கலக்கிய கரைசலில் போட்டுப் பார்த்திருக்கிறார். வேலை செய்துவிட்டது. அதனால்தான் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

அவளிடம் மட்டும் சொல்லவேண்டாம். இப்போதுதான் அமைதியாக இருக்கிறாள். வெளியே போகட்டுமா என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டாள். என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினால் நல்லது, சார். தனியாக இருக்கிறவள் பயந்துவிடக் கூடாதே என்று கதவை வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.