ஞாயிற்றுக்கிழமை எரு

ஆலங்குடி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவள் பக்கத்திலிருந்த மதினியிடம் பட்டென்று சொன்னாள். "ஞாயித்துக்கெழம தவறாம தென்னைக்கு மீன் எரு போடுறேன்."

"வாராவாரமா? மரம் கருகிராதா?"

"கொஞ்சந்தான் போடுறேன் மதினி, நாத்தத்துக்கு. பக்கத்துக் கொல்லையில மனை போட்டு விக்கிறாங்க. வீடு வந்தா நம்ம வாய்க்கால மூடிருவாங்க. ஞாயித்துக்கெழமதான் மனை பாக்க ஆளுங்க வாராங்க. மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிர்றாங்க."

"அப்ப யாரும் வாங்கலையா?"

"நேத்து ஒருத்தரு மொத்தத்தையும் பேசி முடிச்சுட்டாரு. எனக்கு எரு விக்கிற யாவாரி."

"அடிப்பாவி. அவரு வீடு கட்டுனா?"

"வீடு இல்ல, தென்னந்தோப்பு. வாராவாரம் எரு வாங்குறாளே, அப்பிடி என்ன மண்ணுன்னு பாக்க வந்தாராம். வாய்க்கா அவருக்கும் வேணும்ல."

மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஞாயித்துக்கெழம போட்டாத்தான் நல்லாக் காய்க்குமான்னு எங்கிட்டக் கேக்குறாரு."