பிரைவேட்டில் வைத்த அலர்ஜி

"அந்தாளுக்கு ஏதும் நடந்தா, என்ர பிரைவேட்டாலதான்."

மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. முன்னிருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். மடிக்கணினி வைத்திருந்தவள்தான் அதைச் சொன்னாள்.

"அண்ணாவின்ர ரெஸ்டோரண்டுக்கு நான் எழுதின புக்கிங் அப்பிலை, நாலாம் மேசைக்கு வாற ஆள் தனக்குப் பிஸ்தா அலர்ஜி எண்டு போட்டவர். வேறை புரோகிராம் கோட் ஒண்டும் அதை மாத்தக்கூடாதெண்டு அந்த அலர்ஜிப் பகுதியைப் பூட்டி பிரைவேட் ஆக்கினனான்."

"ஐயோ, சேவ் பண்ணேக்கை அப் பப்ளிக்கா இருக்கிறதை மட்டும்தானேடி எழுதும், பிரைவேட்டை விட்டிடுமே!"

"ஓம். எரரும் வரேல்லை. சமைக்கிற ஆக்கள் பாக்கிற குசினி ஸ்க்ரீனிலை அலர்ஜியைக் காணேல்லை. அண்ணா போன் எடுக்கிறாரில்லை."

"திருப்பிப் போன் அடி."

அடித்தாள். எடுத்துவிட்டார்.

"அண்ணா, நாலாம் மேசைக்குப் பிஸ்தா பாஸ்தா போயிட்டுதோ?"

பதிலைக் கேட்டவள் எழுந்துவிட்டாள்.

"ஓடிப்போய்த் தட்டைப் பறியுங்கோ!"

தமிழ் தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் அசையவில்லை.